பள்ளிப்பட்டு வீட்டின் தானிய இருப்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டத்தில் வாழும் ஒரு குடும்பம் நெருக்கடிக் காலத்துக்கென உணவுப்பொருள் சேர்த்துவைக்க நினைத்தால், அது எந்த நெருக்கடிக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. ஏனெனில் இவ்வட்டாரத்துக்கு வரும் இடர்கள் இருவகைப்பட்டவை, ஒன்றுக்கு உதவும் இருப்பு மற்றொன்றுக்கு உதவாது. முதலாவது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து சில நாட்களில் வடிந்துவிடும் வெள்ளம். இரண்டாவது, வெளியே ஆரவாரமின்றித் தொடங்கி மாதக்கணக்கில் நீளும் வேலையின்மையும் விலையேற்றமும்.

வெள்ளத்தின் கதை கொசஸ்தலை ஆற்றின் கதையே. குசஸ்தலை என்றும் அழைக்கப்படும் இந்த ஆற்றின் மேற்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; அங்கே கார்வேட்டிநகரம் அருகே அம்மப்பள்ளி அணை எனவும் கிருஷ்ணாபுரம் அணை எனவும் வழங்கும் நீர்த்தேக்கம் நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டால், சில மணி நேரத்துக்குள் பள்ளிப்பட்டுப் பகுதியின் தரைப்பாலங்கள், அதாவது ஆற்றுப்படுகையை ஒட்டித் தாழ்வாகப் போடப்பட்ட சிறு பாலங்கள், நீருக்குள் போய்விடுகின்றன. நெடியம், சாமந்தவாடா, சொரக்காய்பேட்டை முதலிய ஊர்களுக்குச் செல்லும் வழிகள் இவ்வாறு துண்டிக்கப்படுவது 2015, 2021 ஆம் ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் செய்தியானது. அவ்வூர்க்காரர்களுக்கு அதில் புதுமை ஏதும் இல்லை. வீடு மூழ்காமலிருக்கலாம், ஆனால் பால் வண்டி வராது, காய்கறி வராது, மின்சாரம் போய்விடும், எரிவாயு உருளை தீர்ந்த வீட்டுக்கு அடுத்த உருளை அக்கரையிலேயே நின்றுவிடும். இந்நிலையில் மூட்டை நிறைய அரிசி இருந்தும் பயனில்லை. அடுப்பே மூட்டாமல் உண்ணக்கூடியதும், ஊறவைத்தால் போதுமானதும் வேண்டும்.

இரண்டாம் வகை இடருக்கு இவ்வட்டாரம் இரண்டு சான்றுகளைத் தருகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அப்பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஆயினும் ரயிலிலும் சந்தையிலும் தானியம் நடமாடிக்கொண்டுதான் இருந்தது. அதை வாங்கும் பணம் மக்களிடம் இல்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 இல் இந்திய அரசின் பஞ்ச நிவாரணத் தூதராக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்ததும், கடின உழைப்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டதும் பஞ்ச வரலாற்றில் நன்கு பதிவானவை. 2020 மார்ச் 25 இல் நாடு முழுதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தபோது நிலைமை அத்தனை கொடியதன்று. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. ஆனால் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வட்டாரங்களின் விசைத்தறிகள் நின்றபோது கூலி நின்றது. கூலி நின்ற வீட்டில் அரிசிக்கு மேல் வேண்டிய பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் ஆகியவையே கையைக் கடித்தன. ஆகவே நீண்டகால இருப்பைப் பற்றிப் பேசும்போது அரிசியை மட்டும் கணக்கில் எடுப்பது பாதிக் கணக்கே.

இவ்வகை இருப்புக்கு எப்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பழைய குடியானவர் வீடு ஒரு தெளிவான விடையை வைத்திருந்தது: தானியத்தை உமியோடு வை, தேவைக்குக் குத்திக்கொள். குதிர் என்னும் மண் கலத்திலும், பத்தாயம் என்னும் மரப் பெட்டியிலும், இப்பகுதியின் தெலுங்கு பேசும் வீடுகளில் காதெ எனப்படும் தானியக் கூண்டிலும் கிடந்தது நெல்தான், அரிசியன்று. தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் ரகுநாத நாயக்கர் காலத்தில் எழுந்த, 3,000 கலம் கொள்ளும் நெற்களஞ்சியமும் அப்படியே நெல்லுக்காகக் கட்டப்பட்டது. உமி என்பது பூச்சிக்கும் ஈரத்துக்கும் எதிரான உறை. அது நீங்கிய கணத்திலிருந்து தானியத்தின் ஆயுள் குறையத் தொடங்குகிறது. உமி மட்டும் நீங்கித் தவிடு ஒட்டியிருக்கும் கைக்குத்தல் அரிசிக்கு ஆயுள் மிகக் குறைவு. தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்க நம் ஊர் வெப்பத்தில் சில மாதங்களே போதும். சத்து மிகுந்தது என்று அதனைப் பெருமளவில் வாங்கி இருப்பு வைப்பவர்கள் சத்தையும் இழந்து அரிசியையும் இழக்கிறார்கள். கம்பு மாவின் நிலை இன்னும் மோசம். அரைத்த சில நாட்களிலேயே கசப்புத் தட்டிவிடும். சாமை, தினை, வரகு ஆகியவற்றை இன்று பெரும்பாலோர் உமி நீக்கிய அரிசியாகவே வாங்குவதால், அவற்றையும் நீண்டகால இருப்புக்கு நம்பிவிட முடியாது.

இந்த வரிசையில் தனித்து நிற்பது கேழ்வரகு. அதன் மணி மிகச் சிறியது. அரிசி வண்டு மணிக்குள் துளையிட்டு முட்டை வைத்துப் புழுவாக வளர்வதற்கு அதில் இடமே இல்லை. உறுதியான விதைத்தோல் அதற்கு மேலும் ஒரு காப்பு. அதைத் தீட்டி வெண்மையாக்கும் வழக்கம் இல்லாததால் கடையில் விற்கும் கேழ்வரகும் களத்திலிருந்து வந்த கேழ்வரகும் சேமிப்பைப் பொறுத்தவரை ஒன்றே. இச்சலுகை வேறெந்தத் தானியத்துக்கும் இவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை. கர்நாடகத்தின் கோலார், ஆந்திரத்தின் சித்தூர், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய கேழ்வரகு நாட்டில் இதை மேட்டு நிலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான குழி வெட்டி, சுற்றிலும் வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, வாயைக் கல்லாலும் மண்ணாலும் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தனர். தெலுங்கில் இதற்குப் பாதர என்று பெயர். அடைபட்ட குழிக்குள் தானியமும் அதனுடன் போன பூச்சிகளும் மூச்சு விடுவதால் உயிர்வளி குறைந்து கரியமிலவாயு நிறைகிறது. பூச்சிகள் மாய்கின்றன, தானியம் உறங்குகிறது. குழியைத் திறந்தவர்கள் உடனே இறங்குவதில்லை. நெடுநேரம் காற்றாடவிட்டு, கயிற்றில் கட்டிய விளக்கை உள்ளே இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்குவார். அணைந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். வேதியியல் படிக்காதவர்களின் ஆய்வுக்கூடம் அது என்றால் மிகையாகாது.

(கோயில் கோபுரக் கலசங்களில் வரகு நிரப்பும் மரபை முன்னோரின் விதை வங்கி என்று விளக்குவோர் உண்டு. உண்பதற்குக் கெடாதிருப்பதும் முளைப்பதற்கு உயிரோடிருப்பதும் வெவ்வேறு என்பதையும், வெயிலில் நாள் முழுதும் காயும் செப்புக் கலசம் விதைக்கு உகந்த இடமா என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.)

அமெரிக்காவில் வழக்கிலுள்ள இருபத்தைந்து, முப்பது ஆண்டு இருப்பு முறையும் பாதரக் குழியின் தத்துவத்தையே பின்பற்றுகிறது. அலுமினியம் பூசிய தடித்த பையில் அரிசியோ கோதுமையோ நிரப்பி, உயிர்வளியை உறிஞ்சும் இரும்புத்தூள் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, வாயைச் சூடுவைத்து ஒட்டிவிடுகிறார்கள். மார்மன் திருச்சபையினர் வீடுதோறும் இவ்வாறு இருப்பு வைப்பதை ஓர் ஒழுக்கமாகவே கொண்டவர்கள். அவர்களுடைய பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்தே வெள்ளை அரிசிக்கு முப்பது ஆண்டு என்ற கணக்கு பரவியது. இப்பைகள் இப்போது இணையவழியில் நம் ஊருக்கும் வந்துவிடுகின்றன. அவற்றுடன் அந்த முப்பது ஆண்டும் சேர்ந்து வந்துவிடுகிறதா என்பதே கேள்வி. அக்கணக்கு சுமார் 24 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறைக்கும், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்கும் தானியத்துக்கும் உரியது. கோடையில் அருகிலுள்ள திருத்தணி தமிழ்நாட்டின் மிகு வெப்ப ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறுவதையும், கடையில் வாங்கும் அரிசியின் ஈரப்பதம் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே அந்தக் கணக்கு செல்லாது. வெப்பம் 10 பாகை ஏறினால் உணவைக் கெடுக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது பொதுவான விதி. ஆகவே பள்ளிப்பட்டுக் குடும்பம் முப்பது ஆண்டைக் கனவு காணாமல், ஓராண்டுக்குக் கெடாத பொருளை வாங்கி, அதை உண்டு, மீண்டும் நிரப்பிக்கொண்டே போவதுதான் அறிவுடைமை.

அவ்வாறு சுழற்சியில் வைக்கும் இருப்புக்குப் புழுங்கலரிசி மிகப் பொருத்தமானது. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது மணிக்குள் உள்ள மாவுச்சத்து இளகி மீண்டும் இறுகுவதால், நுண்ணிய விரிசல்கள் அடைபட்டு மணி கெட்டிப்படுகிறது. பச்சரிசியைவிட அது வண்டுக்குக் கடினமானது, தீட்டும்போதும் குறைவாகவே நொறுங்குகிறது. தவிரவும், அறுவடையாகி ஆறு மாதத்துக்கு மேலான பழைய அரிசி அதிக நீர் குடித்து, உதிரி உதிரியாக வெந்து, பானையில் கூடுதலாகப் பொங்கும். கடையில் பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கேட்பது இதனால்தான். புது அரிசியை வாங்கி வைத்துப் பழசாக்கி உண்ணும் குடும்பத்துக்கு இருப்பு வைப்பதே ஓர் ஆதாயம்.

ஆனால் வாங்கிய அரிசியிலேயே வண்டின் முட்டை இருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. பெண் வண்டு மணியில் சிறு துளையிட்டு, முட்டையை உள்ளே வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை மூடிவிடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளிவந்துவிடும். நல்ல அரிசியாகத்தான் வாங்கினோம், வண்டு எங்கிருந்து வந்தது என்று டிரம்மைத் திறந்து திகைப்பவர்களுக்கு விடை இதுவே. பருப்பை வெயிலில் காயவைக்கலாம். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் விரிசல் விட்டு நொய்யாகிவிடும், ஆகையால் நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். ஈரம் போயிற்றா என்று அறிய விலையில்லாச் சோதனை ஒன்று உண்டு: நன்கு காய்ந்த கண்ணாடிச் சீசாவில் கால் பங்கு தானியத்தைப் போட்டு, அதில் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த தூள் உப்பைச் சேர்த்து, மூடிச் சில நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால், உப்பு சீசாவின் சுவரில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் சேமிக்கலாம்.

பருப்பில் வேறொரு கணக்கு. பயறு வண்டு முழுப் பயற்றின் தோலின்மேல் முட்டையிட்டு வளர்வது. தோல் நீக்கி உடைத்த பருப்பில் அதற்கு அவ்வளவு வசதியில்லை. தானியத்துக்குச் சொன்ன விதிக்கு நேர்மாறாக, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் உடைத்த நிலையிலேயே எளிதாக இருப்பில் நிற்கின்றன. முழுப் பயற்றை வைத்தே ஆகவேண்டுமென்றால், கிலோவுக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி வேப்பெண்ணெயோ விளக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ பூசும் பழைய முறை இன்றும் செல்லும். உண்பதற்கு வைப்பதாயின் வேப்பெண்ணெயை விட்டுவிடலாம். எண்ணெய்களில் நல்லெண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமல் நெடுநாள் நிற்பதற்கு எள்ளிலிருந்து வரும் செசமால் என்னும் பொருள் ஒரு காரணம். புளி, வற்றல், ஆவக்காய், மோர்மிளகாய் ஆகியவற்றைப் பற்றி இந்த எல்லைப்புறத்து வீடுகளுக்குச் சொல்லித்தர எதுவுமில்லை. வேர்க்கடலையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழிவதில்லை, ஆதலால் பொறுக்கி எடுத்துப் பயன்படுத்தும் சிக்கனம் இங்கே கூடாது.

வண்டுக்கு வேப்பிலை, நொச்சி, வசம்பு, காய்ந்த மிளகாய் என்று பலவற்றைப் போடுகிறார்கள். அவை ஓரளவு விரட்டும், முழுமையாகக் கொல்லா. அந்த ஏமாற்றத்தில் சிலர் உரக்கடையில் கேட்டு வாங்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அரிசி மூட்டையில் போடுவது கொடிய அறியாமை. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு, மூடிய அறையில் உறங்குவோரைக் கொன்றுவிடக்கூடியது. பயிற்சி பெற்றவர்களின் கையில் மட்டுமே அது இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் கட்டுப்படுத்தியிருப்பதும் அதனால்தான். அரிசியைச் சிறு சிறு பகுதியாக ஒரு வாரம் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தெடுத்து, வெளிப்புற ஈரம் உலர்ந்தபின் இறுக மூடும் எவர்சில்வர் டிரம்மில் கழுத்து வரை நிரப்பினால் முட்டையும் சாகும், உள்ளே காற்றுக்கும் இடம் குறையும்.

டிரம்மை எங்கே வைப்பது என்பதில் பள்ளிப்பட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சினால் பரணில் ஏற்ற வேண்டும். ஆனால் சிமெண்ட் ஷீட் போட்ட தறி வீடுகளில் சித்திரை, வைகாசியில் வீட்டிலேயே மிகச் சூடான இடம் பரண்தான். தரையில் வைத்தால் குளிர்ச்சி, ஆனால் ஓதம். இரண்டுக்கும் நடுவே, வெயில் நேரே படாத உள்ளறையில் சுவரை ஒட்டாமல், முழங்கால் உயரப் பலகையின்மேல் ஆண்டு முழுதும் வைத்து, புரட்டாசி பிறந்ததும் பதினைந்து நாள் தேவைக்கான பகுதியை மட்டும் உயரத்துக்கு மாற்றுவது நடைமுறைக்கு ஏற்றது. மூட்டையைச் சுவரில் சாய்த்து வைப்பவர்கள் மழைக்காலத்தில் சுவர்ப்பக்க அரிசி கட்டிதட்டிப் போவதைக் கண்டிருப்பார்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு, ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி உதவுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்பது அதன் அளவு. நான்கு பேருக்கு 90 நாள் என்றால் தானியம் 90 கிலோ, பருப்பு ஏறத்தாழ 30 கிலோ, எண்ணெய் பத்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கரும்பு வெட்டுவோருக்கும் தறியில் நாள் முழுதும் நிற்போருக்கும் தானியம் இதற்கு மேல் வேண்டும். நம் வீடுகள் உண்ணும் சோற்றின் அளவு வேறு, வழிகாட்டி சொல்லும் அளவு வேறு என்பதும் தெரிந்ததே. ஆனால் நான்கு பேர் கொண்ட அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ விலையில்லா அரிசி கிடைக்கிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது நடைமுறையில் உள்ளது. ஆகவே வீட்டு இருப்பில் பணம் செல்ல வேண்டிய இடம் பருப்பு. அரிசி மூட்டையை அடுக்கிவிட்டுப் பருப்பில் ஐந்து கிலோவோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பம், நெருக்கடி நீண்டால் வயிறு நிறைந்தும் வலுவின்றிப் போகும்.

வெள்ள நாட்களுக்கான சிறு இருப்பு இதிலிருந்து தனியே நிற்க வேண்டும். தண்ணீரில் ஊறினால் போதுமான அவல், வறுத்த கேழ்வரகு மாவு, பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய், சர்க்கரை, உப்பு ஆகியவை, நால்வருக்கு மூன்று நாள் குடிக்கவும் சமைக்கவும் மூன்று இருபது லிட்டர் கேன் தண்ணீர், குழந்தையிருந்தால் பால்மாவு, மெல்ல முடியாத முதியவர் இருந்தால் சத்துமாவு. இது வீட்டாருக்கு மட்டுமே பயன்படும் என்றும் எண்ண வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் தென்மாவட்டப் பெருவெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, ஏறத்தாழ 800 பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தனர். மீட்புக் குழுக்கள் சென்று சேருமுன் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது அருகிலிருந்த புதுக்குடி கிராமத்தார். அக்கிராமத்தைச் சுற்றியும் அன்று வெள்ளம்தான். கடைக்குப் போய் வாங்கிவந்து சமைத்திருக்க வழியில்லை.

வாங்கும் காலத்தையும் நாட்காட்டியே சொல்லிவிடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று நெற்பட்டம் இருப்பதால் புது அரிசிக்குக் குறைவில்லை. தை, மாசியில் சம்பா வரும்போது அரிசியும், அதே மாதங்களில் புதுத் துவரை வரும்போது பருப்பும், பங்குனி, சித்திரை வெயிலில் புளி, மிளகாய், வற்றலும், ஆவணிக்குள் அவலும் வெல்லமும் என்று பிரித்துக்கொண்டால் எந்த ஒரு மாதத்தின் கூலியும் முழுதாக இதற்குப் போகாது. ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நன்கு காய்ந்த 25 கிலோ கேழ்வரகை முழுமணியாக வாங்கி, புடைத்து, மூடி போட்ட டிரம்மில் வைத்து, மாதம் இரண்டு கிலோ மட்டும் அரைத்துக்கொள்ளலாம். களி கிண்டத் தெரியாத வீடு இவ்வட்டத்தில் இன்னும் குறைவுதான்.